பூட் மெனுவில் வேண்டாத பெயரை நீக்க: எம்எஸ்கான்ஃபிக்கா, பிசிடிஎடிட்டா?

விண்டோஸ் 10-ஐ வேறொரு பார்ட்டிஷனில் புதிதாகப் போட்டுவிட்டு, பழைய பார்ட்டிஷனை ஃபார்மட் செய்தேன். ஆனாலும் கணினியைப் போடும்போதெல்லாம், எந்த விண்டோஸைத் தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவில் ‘விண்டோஸ் 10’ என்று ஒரே பெயரில் இரண்டு வரிகள். எதையும் தொடாவிட்டால் 30 வினாடி அப்படியே நிற்கும். சரி, ஒன்றைத் தூக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

விண்டோஸோடு வரும் அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிக் (msconfig) சுலபம். ரன் பெட்டியில் அந்தப் பெயரைத் தட்டி, பூட் பகுதிக்குப் போய், வேண்டாத வரியைத் தேர்ந்து டிலீட் கொடுத்தால் முடிந்தது. இப்போது ஓடும் விண்டோஸ் எது என்று அதுவே காட்டிவிடும், அதை அழிக்கவும் விடாது. ஒரே ஒரு வரிதான் தொல்லை என்றால் இதுவே போதும்.

ஆனாலும் நான், கட்டளை தட்டி அதே மெனுவைத் திருத்தும் பிசிடிஎடிட் (bcdedit) பக்கம்தான். காரணம், செய்ததைத் திரும்பப் பெறும் வசதி. எக்ஸ்பி காலத்தில் பூட் மெனு என்பது வெறும் டெக்ஸ்ட் கோப்பு. நகல் எடுத்து வைத்துக்கொண்டால் பயமில்லை. விஸ்டாவிலிருந்து அது பிசிடி என்ற தரவுத்தளமாகிவிட்டது, நோட்பேடில் திறந்து திருத்த முடியாது. எம்எஸ்கான்ஃபிக்கில் நகல் எடுக்க ஒரு பட்டன்கூட இல்லை, அழித்தது அழித்ததுதான். பிசிடிஎடிட்டில் எக்ஸ்போர்ட் என்று ஒரே கட்டளை, மொத்த மெனுவும் ஒரு கோப்பாகிவிடும். தப்பு நடந்து விண்டோஸே எழவில்லை என்றாலும், நிறுவும் பென்டிரைவில் பூட் செய்து, கமாண்ட் பிராம்ப்டில் இம்போர்ட் கொடுக்கலாம். (அங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கக்கூடும். சி-யில் வைத்த கோப்பு டி-யில் கிடந்தால் பதறாதீர்கள்.) நகல் கோப்பை வேறொரு பென்டிரைவிலும் போட்டு வைப்பது என் வழக்கம்.

அதோடு, யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க மென்பொருள்) உள்ள கணினியில் லினக்ஸை அழித்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘உபுண்டு’ வரி எம்எஸ்கான்ஃபிக் கண்ணில் படாது. அது மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. பிசிடிஎடிட்டில் ‘/enum firmware’ கொடுத்தால் அதுவும் பட்டியலில் வரும்.

சிரமமும் உண்டு. ஒவ்வொரு வரிக்கும் நெளி அடைப்புக்குறிக்குள் நீளமான அடையாள எண் இருக்கும்; எந்த வரியை அழிப்பது என்று அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கையால் தட்டாமல் நகலெடுத்து ஒட்டுங்கள். பவர்ஷெல்லில் அதை மேற்கோள் குறிக்குள் போடாவிட்டால் பிழை வரும். நான் அரை மணி நேரம் முட்டிக்கொண்டது இதில்தான். பூட்எம்ஜிஆர் (bootmgr) என்ற வரியைத் தொடவே வேண்டாம், மெனுவைக் காட்டுவதே அதுதான்.

இதே வேலைக்கான ஈஸிபிசிடி என்ற தனி மென்பொருளை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தினேன். படமும் பட்டனுமாக இருக்கிறது, நகல் எடுக்கும் வசதியும் உண்டு. கட்டளை பிடிக்காதவர்களுக்கு ஒத்துவரலாம். ஒரு முறை பார்த்ததை வைத்து அதற்கு மேல் சொல்வது நியாயமில்லை.

அப்புறம், பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் எந்த வழியில் போனாலும் அடுத்த பூட்டில் மீட்புச் சாவியைக் கேட்கலாம். அதை முதலில் தேடி எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.