கிராவல் எடுத்த குழி: மூடுவதா, தண்ணீர் விடுவதா, மரம் வைப்பதா?

கிராவல், அதாவது சரளை மண், எடுத்து முடித்த குழி ஊர் எல்லையில் கிடந்தால், கிராமசபையில் முதலில் எழும் குரல் "மூடிவிடுங்கள்" என்பதுதான். நியாயமான கோரிக்கை. ஆனால் ஒரு ஏக்கர், பத்தடி ஆழம் என்றே கணக்குப் போட்டுப் பாருங்கள். 43,560 சதுர அடியைப் பத்தால் பெருக்கினால் 4,35,600 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்றால் 4,356 யூனிட். டிப்பருக்கு நான்கு யூனிட் வீதம் ஏற்றினாலும் ஆயிரம் லோடு தாண்டும். அவ்வளவு மண்ணுக்கு எங்கே போவது? இன்னொரு குழி வெட்டினால்தான் உண்டு.

அதனால் நடைமுறையில் மூடுவது என்பது கட்டட இடிபாட்டில் ஆரம்பித்து ஊர்க் குப்பையில் போய் முடிகிறது. என் வரிசையில் இதற்குக் கடைசி இடம்தான். சரளையில் தண்ணீர் நிற்காமல் இறங்கும்; குப்பையில் ஊறிய சாறும் அதே வழியில் இறங்கிப் பக்கத்துக் கிணற்றைக் கெடுக்கும். நிரப்பிய தரை பல வருடம் அமுங்கிக்கொண்டே இருப்பதால் வீடு கட்டவும் நம்ப முடியாது. குழி சின்னது, நல்ல மண்ணும் அருகிலேயே கிடைக்கிறது என்றால் மட்டும் மூடலாம்.

அடுத்தது தண்ணீர். "சிக்கராயபுரத்தில் செய்யவில்லையா?" என்று கேட்பார்கள். மாங்காடு அருகே உள்ள அந்தக் குவாரிகளில் தேங்கிய நீரைச் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து, 2017 வறட்சியிலும் 2019-லும் சென்னைக்குக் கொடுத்தது உண்மைதான். ஆனால் அது கல்குவாரி. பாறை தண்ணீரைப் பிடித்து வைக்கும். கிராவல் குழியில், அடியில் களி இல்லையென்றால், மழை விட்டதுமே மட்டம் இறங்க ஆரம்பிக்கும். குடிநீர்த் தேக்கத்துக்கு இது ஆகாது. ஆனால் நிலத்தடி நீரை ஊற வைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வெள்ள நீர் நுழையும் வாயில் மட்டும் வண்டல் தங்க ஒரு சிறு தொட்டிப் பள்ளம் வேண்டும். இல்லையென்றால் குழியின் அடியில் வண்டல் படிந்து, சில மழைக்காலத்திலேயே ஊறல் அடைபட்டுவிடும்.

மீன் வளர்க்கலாம் என்பவர்கள் கரையைப் பார்க்க வேண்டும். பொக்லைன் விட்டுப்போன செங்குத்துச் சுவரில் நின்று வலை இழுக்க முடியாது. குளிக்க இறங்கும் பிள்ளைகள் ஏறி வர முடியாமல் போவதும் அந்தச் சுவரால்தான். ஓரடி உயரத்துக்கு மூன்றடி அகலம் என்று கரையைச் சரித்துவிட்ட பிறகுதான் மற்ற பேச்சு.

மரம் வைப்பதைத்தான் எல்லோரும் சுலபம் என்று நினைக்கிறார்கள். மேல்மண் போன கட்டாந்தரையில் தானாக வருவது சீமைக்கருவேலம்தான். ஆரோவில்லில் 1968-க்குப் பிறகு, அரித்துப்போன செம்மண் மேட்டை முதலில் வரப்புப் போட்டு, மழைநீரை நிறுத்தி, அதன் பிறகே காடாக்கினார்கள். குழிக்கும் அதே வரிசைதான்: சரிவு, வரப்பு, ஓரமாகக் குவித்து வைத்த மேல்மண்ணைப் பரப்புவது, பிறகு வேம்பு, புங்கன், பனை.

என் தேர்வு இரண்டும் கலந்தது: தாழ்ந்த பகுதியில் ஊறல் குட்டை, சரித்த கரையில் மரம். ஆனால் மேல்மண்ணையும் சேர்த்து விற்றுவிட்டிருந்தால் இந்தத் திட்டம் பாதிதான் பலிக்கும். ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான, கிராவல் போன்ற சிறுகனிமக் குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் சொல்லிவிட்டது. அந்த விண்ணப்பத்தோடு வரும் சுரங்கத் திட்டத்தை முதல் லோடு கிளம்பும் முன்பே கேட்டு வாங்கி, மேல்மண்ணைக் குவிக்க எந்த மூலையைக் குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.