நேரடி பி.எஸ்சி. நர்சிங்கா, ஜி.என்.எம். முடித்து போஸ்ட் பேசிக்கா?

அக்கா மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தாள். நர்சிங்தான் என்று பத்தாவதிலேயே முடிவு செய்துவிட்டதால் என்ன படிப்பது என்ற சண்டை வீட்டில் இல்லை. எந்த வழியாகப் போவது என்பதில்தான் இரண்டு கட்சி. நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங்கில் நேராகச் சேர்ப்பதா, மூன்று வருட ஜி.என்.எம். (ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி) டிப்ளமோவை முடிக்க வைத்து, பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.க்கு அனுப்புவதா? அத்தான் டிப்ளமோ பக்கம். "உன் சித்தி அந்த வழியாத்தானே வந்தா, இன்னிக்கு வார்டு இன்சார்ஜா இல்லையா?" என்று மகளிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் ஜி.என்.எம்., பிறகு போஸ்ட் பேசிக். ஆனாலும் பிள்ளையை பி.எஸ்சி.யில்தான் சேர்த்தோம், அதற்கு அதிகம் வாதாடியதும் நான்தான். எனவே இதை நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

தாளில் இருக்கும் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பி.எஸ்சி. நர்சிங்குக்கு, சேரும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்துத் தேறியிருக்க வேண்டும். அந்த மூன்று அறிவியல் பாடங்களும் சேர்ந்து 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 40. உடல் தகுதிச் சான்றும் வேண்டும். ஜி.என்.எம்.முக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. அறிவியல் இருந்தால் நல்லது என்கிறது விதி, கலைப் பிரிவு மாணவர்களையும் கவுன்சில் அனுமதிக்கிறது. ஆங்கிலத்தில் தேர்ச்சி, மொத்தத்தில் 40 சதவீதம், வயது 17 முதல் 35 வரை. இவை அகில இந்தியக் குறைந்தபட்சம் மட்டுமே. மாநிலத் தேர்வுக்குழுவின் விளக்கக் குறிப்பேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் நம்மைக் கட்டுப்படுத்தும், அதை வரி விடாமல் படிக்க வேண்டும். 45 சதவீதம் என்பது விண்ணப்பம் போடத்தான். அரசுக் கல்லூரி இடம் ரேங்க் லிஸ்டில் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

பிளஸ் ஒன் குரூப் எடுக்கும்போதே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் என்றே ஒரு குரூப் இருக்கிறது. பெயரைப் பார்த்து, பி.எஸ்சி. நர்சிங்குக்கு நேர் வழி இதுதான் என்று நம்பிச் சேர்கிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் குரூப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் முழுதாக வருவதில்லை. தெர்மாமீட்டர் பிடிக்கவும் படுக்கை விரிக்கவும் பள்ளியிலேயே கற்றுக்கொண்ட பிள்ளைக்கு பி.எஸ்சி. நர்சிங் கதவு மூடியிருக்கும், ஒருநாளும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாத பயோ-மேத்ஸ் மாணவிக்குத் திறந்திருக்கும். நானும் அந்தத் தொழிற்கல்வி குரூப்தான். எனக்கு ஜி.என்.எம். என்பது தேர்ந்தெடுத்த வழியல்ல, இருந்த ஒரே வழி. அக்கா மகளுக்கு இரண்டு கதவும் திறந்திருந்தன, அதனால்தான் இந்த ஒப்பீடே தேவைப்பட்டது.

நுழைவுத்தேர்வுக் குழப்பத்தைப் பற்றியும் கொஞ்சம். தமிழ்நாட்டு அரசுக் கவுன்சலிங்கில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த நர்சிங் கல்லூரிகளில் இடம் கிடைப்பதும் அப்படித்தான். புதுச்சேரி ஜிப்மர் நீட் மதிப்பெண்ணைப் பார்க்கிறது. ராணுவ நர்சிங் சேவைக்கான பி.எஸ்சி.க்கும் நீட் வேண்டும், அது திருமணமாகாத பெண்களுக்கு மட்டும். எய்ம்ஸ் தனியாகத் தேர்வு வைக்கிறது, பி.எஸ்சி. ஹானர்ஸ் நர்சிங்கில் பெண்களை மட்டுமே எடுக்கிறது, கேட்பது 55 சதவீதம். "டாக்டருக்குப் படிக்கப் போறதில்லையே, நீட் எதுக்கு" என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு வெகுமுன்பே நீட் விண்ணப்பக் கெடு முடிந்துவிடும். ஜிப்மர் மீது கண் இருந்தால் பொங்கல் முடிந்த கையோடு அறிவிப்பைத் தேட ஆரம்பிக்க வேண்டும். ஜி.என்.எம்.மில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி நான் நின்று பேச விரும்பும் இடம். ஜி.என்.எம். வழியில் போகிறவர்கள் எல்லோரும் சொல்வது, "அப்புறம் போஸ்ட் பேசிக் பண்ணிக்கலாம்." கணக்கும் எளிதாகத்தான் தெரியும். மூன்றும் இரண்டும் ஐந்து. நேரடி பி.எஸ்சி. நான்கு. ஒரே ஒரு வருட வித்தியாசத்துக்கு என்ன இவ்வளவு அலட்டல் என்று அத்தானும் கேட்டார்.

போஸ்ட் பேசிக் சேர்க்கைக்கு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். பிளஸ் டூ தேர்ச்சி, ஜி.என்.எம். தேர்ச்சி, மாநில நர்சிங் கவுன்சிலில் நர்ஸாகவும் மிட்வைஃபாகவும் பதிவு, உடல் தகுதி. இவ்வளவுதான். மார்க்கைப் பற்றிய பயமே இல்லை. ஆனால் தாளில் எழுதாத தகுதி ஒன்று இருக்கிறது. இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் இருக்க முடிகிற வீடு வேண்டும். போஸ்ட் பேசிக் முழுநேரப் படிப்பு. காலையில் வகுப்பு, பிறகு கிளினிகல் போஸ்டிங் என்கிற மருத்துவமனைப் பயிற்சி, கேர் பிளான், கேஸ் ஸ்டடி, கம்யூனிட்டி என்று நாள் முழுக்க ஓடும். ஜி.என்.எம். முடித்த அடுத்த மாதமே இதில் போய்ச் சேர்கிற பிள்ளை அபூர்வம். எல்லோரும் வேலைக்குத்தான் போகிறார்கள், டிப்ளமோ எடுப்பதே சீக்கிரம் சம்பாதிக்கத்தானே. முதல் சம்பளத்திலேயே வீட்டு வாடகையோ தம்பியின் ஃபீஸோ இவள் பொறுப்புக்கு வந்துவிடும். இரண்டாம் வருடம் நகைச்சீட்டு. மூன்றாம் வருடம் கல்யாணப் பேச்சு. அந்தச் சம்பளத்தை நிறுத்திவிட்டுப் படிக்கப் போகிறேன் என்று சொல்வதற்கு, வீட்டில் யாராவது ஒருவர் உறுதியாகப் பக்கத்தில் நிற்க வேண்டும். என் போஸ்ட் பேசிக் வகுப்பில் பக்கத்து பெஞ்சில் இருந்தவர் எட்டாவது படிக்கும் பையனுக்குத் தாய். அவர் பையனும் அவரும் ஒரே மாதத்தில் அரையாண்டுத் தேர்வு எழுதினார்கள். ஒரு வருட வித்தியாசம் என்பது தாள் கணக்கு. நான் பார்த்தவரை அது ஐந்தாகும், பத்தாகும், பலருக்கு நடக்காமலே போகும்.

வேலையை விடுவதும் லேசல்ல. நான் முதலில் சேர்ந்த தனியார் மருத்துவமனையில் பாண்ட் எழுதி வாங்கினார்கள், ஒரிஜினல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். போஸ்ட் பேசிக் சேர்க்கையின்போது ஜி.என்.எம். மார்க் ஷீட்டும் கவுன்சில் பதிவுச் சான்றும் ஒரிஜினலாக வேண்டும். அங்கே "ரிலீவ் ஆக மூணு மாசம் நோட்டீஸ்," இங்கே "ஒரிஜினல் இல்லாமல் அட்மிஷன் இல்லை." இடையில் நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். கவுன்சில் பதிவு நம்பர் மனப்பாடமாக இருக்கும், சான்றிதழ் வேறொருவர் பீரோவில் இருக்கும். அரசுப் பணியில் இருக்கிற சிஸ்டர்களுக்குப் பணியில் இருந்தபடி படிக்கப் போக வழி இருக்கிறது, அவர்கள் நிலை வேறு. தனியாரில் இருப்பவர்களைத்தான் சொல்கிறேன்.

இதற்குக் குறுக்கு வழி சொல்கிறவர்களும் உண்டு. "வகுப்புக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று போனில் கூப்பிடுவார்கள். இரண்டு வருடம் கல்லூரியில் முழுநேரம் படித்ததாக ஒரு சான்று, அதே இரண்டு வருடம் வேறொரு ஊரில் வேலை பார்த்ததாக இன்னொரு சான்று. வெளிநாட்டு வேலைக்கோ அரசு வேலைக்கோ சான்றிதழ் சரிபார்க்கும்போது இரண்டு தேதியையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

வேலை அறிவிப்புகளிலும் இந்த வித்தியாசம் எட்டிப்பார்க்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நர்சிங் ஆபீசர் எடுக்கும் நார்செட் தேர்வில் பி.எஸ்சி. முடித்தவர் கவுன்சில் பதிவோடு நேராக விண்ணப்பிக்கலாம். போஸ்ட் பேசிக் முடித்தவரும் அப்படியே. ஜி.என்.எம். மட்டும் இருந்தால், படித்து முடித்த பிறகு குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் காட்ட வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று இருபது படுக்கை நர்சிங் ஹோமில் மூன்று வருடம் உழைத்த பெண்ணுக்கு அந்த மூன்று வருடமும் இங்கே கணக்கில் வராது. நைட் டியூட்டியில் தனி ஆளாக மொத்த வார்டையும் பார்த்திருப்பாள். அறிவிப்பு படுக்கையைத்தான் எண்ணும்.

மேற்படிப்பும் அதே கதைதான். எம்.எஸ்சி. நர்சிங்குக்கு பி.எஸ்சி.யோ போஸ்ட் பேசிக்கோ 55 சதவீதத்துடன் முடித்திருக்க வேண்டும், ஒரு வருட வேலை அனுபவமும் வேண்டும். 18 வயதில் நேரடி பி.எஸ்சி. சேர்ந்தவள் 22இல் முடித்து, ஒரு வருடம் வார்டில் நின்று, 23இல் எம்.எஸ்சி. சேர்ந்துவிடலாம். டியூட்டராகப் போக வேண்டும், கல்லூரியில் பாடம் எடுக்க வேண்டும் என்று ஆசையிருக்கும் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். அக்கா மகளுக்கு அந்த ஆசை இருக்கிறது. நானும் போஸ்ட் பேசிக்கோடு நிறுத்தியதற்கு ஒரே காரணம், அது முடிந்தபோது என் மகள் எல்.கே.ஜி.

ஜி.என்.எம். பக்கமும் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) ஸ்டாஃப் நர்ஸ் எடுக்கும்போது டிப்ளமோவும் டிகிரியும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. தமிழ்நாடு கவுன்சிலில் பதிவு இருந்தால் போதும். அரசு வேலை ஒன்றுதான் குறி என்றால், ஒரு வருடம் முன்னதாகப் படித்து முடித்துத் தேர்வுக்கு உட்காருவது புத்திசாலித்தனமாகக்கூட இருக்கலாம். கணவரை இழந்து முப்பது வயதில் படிக்க வருகிறவர், கணினி அறிவியல் குரூப் எடுத்துவிட்டு மனம் மாறியவர் போன்றவர்களுக்கு ஜி.என்.எம். இல்லையென்றால் இந்தத் தொழிலுக்குள் வருவதே கடினம். கைவேலையில் ஜி.என்.எம். பிள்ளைகள் சோடையில்லை. ஐ.வி. லைன் போடச் சொன்னால் புதிதாக வந்த டிகிரி பிள்ளைகளை விட அவர்கள் கை நடுக்கமில்லாமல் இருப்பதை எங்கள் வார்டிலேயே பார்த்திருக்கிறேன். நான்கைந்து பேரை வைத்துச் சொல்கிறேன், பொதுவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜி.என்.எம்.மை மூடப்போகிறார்கள் என்று பல வருடமாகப் பயமுறுத்துகிறார்கள், படிப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பயத்தினால் மட்டும் யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டு விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் கிடையாது, கூடப் படித்தவர்கள் சொன்னதைத்தான் சொல்ல முடியும். பிரிட்டன் போனவர்களில் டிப்ளமோக்காரர்களும் இருக்கிறார்கள். அங்கே ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, பிறகு செய்முறைத் தேர்வு என்று தாண்ட வேண்டும். கனடாவில் கியூபெக் தவிர மற்ற மாகாணங்களில் ரெஜிஸ்டர்டு நர்ஸ் ஆவதற்கு இளங்கலைப் பட்டம்தான் அடிப்படை. ஜெர்மனிக்கு எந்தப் படிப்பானாலும் பி2 அளவு ஜெர்மன் கற்றாக வேண்டும், அதில்தான் பாதிப் பேர் களைத்துப்போகிறார்கள். பையன்களுக்கு இந்த ஒப்பீடு எப்படி மாறும் என்பதிலும் என் அனுபவம் குறைவு. எய்ம்ஸ் பி.எஸ்சி. ஹானர்ஸ் அவர்களுக்கு இல்லை, நார்செட்டில் நூற்றுக்கு இருபது இடம்தான் ஆண்களுக்கு. ஒரு பையனுக்கு யோசனை சொல்ல வேண்டுமானால் நான் இன்னும் நாலு பேரைக் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன்.

செலவில், தனியார் பி.எஸ்சி. கூடுதல்தான். அத்தானின் கவலையும் அதுதான். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், அது டிகிரிக்கும் உண்டு, டிப்ளமோவுக்கும் உண்டு. கவுன்சலிங் மூலம் கிடைத்த இடத்தையே எடுத்தோம். மேனேஜ்மென்ட் இடம்தான் கிடைத்திருந்தால், நான் இவ்வளவு உறுதியாக வாதாடியிருப்பேனா என்று எனக்கே சந்தேகம். கல்விக்கடன் வாங்கி நான்கு வருடம் படிக்க வைப்பதா, சீக்கிரம் வேலைக்கு அனுப்புவதா என்று தவிக்கிற வீட்டுக்கு என் விடை அப்படியே பொருந்தாது.

எந்த வழியானாலும் பணம் கட்டுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். பி.எஸ்சி. என்றால் கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இந்த ஆண்டும் இருக்கிறதா, எந்தப் படிப்பானாலும் தமிழ்நாடு கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, கிளினிகல் போஸ்டிங்குக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மூன்றாவதை அலுவலகத்தில் கேட்காதீர்கள். கல்லூரி பஸ் மதியம் திரும்பி வரும்போது இறங்குகிற மூன்றாம் வருட மாணவியைக் கேளுங்கள், ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.