பைபரியா, போர்ட்டனா? ஒரு நாள்தான் இருக்கிறது என்றால்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் ஆற்றோரக் கிராமம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்குக் கடைசியில் போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான்: கோல்ன் ஆற்றங்கரையில் பைபரி, விண்ட்ரஷ் கரையில் போர்ட்டன்-ஆன்-த-வாட்டர். என் ஓட்டு பைபரிக்கே.

காரணம், ஆர்லிங்டன் ரோ. 1380 வாக்கில் மடத்தார் கம்பளி சேமிக்கக் கட்டிய நீளக் கட்டடம், 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாறியது. சுவரும் கல், கூரையும் கல் பலகை, வாசற்படியை ஒட்டி ஓடுகிறது ஓடை. உள்ளே நெய்த துணி பக்கத்து ஆர்லிங்டன் மில்லுக்குப் போகும், அங்கே அடித்து எண்ணெய்ப் பிசுக்கு எடுப்பார்கள், அப்புறம் வீடுகளுக்கு எதிரே உள்ள ரேக் ஐல் என்ற ஈரப் புல்வெளியில் சட்டங்களில் காயப் போடுவார்கள். இன்று அந்தப் புல்வெளி நீர்ப்பறவைகளுக்கு. தறி இருந்த வீடும் துணி காய்ந்த இடமும் இப்படி ஒரே பார்வையில் கிடைப்பது எனக்குப் பெரிய விஷயம். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் பைபரியை இங்கிலாந்தின் மிக அழகான கிராமம் என்று சொன்னதில் ஆச்சரியமே இல்லை. 1902இல் தொடங்கிய டிரவுட் மீன் பண்ணையும் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனால் இரண்டு மணி நேரத்தில் ஊர் முடிந்துவிடும். பஸ்ஸும் குறைவு, கார் இல்லாமல் சிரமம்.

போர்ட்டனுக்குப் போவது சுலபம். லண்டன் பேடிங்டனிலிருந்து மோர்ட்டன்-இன்-மார்ஷ் வரை சுமார் ஒன்றரை மணி நேர ரயில், அங்கிருந்து பஸ். ஆற்றின் மேல் தாழ்வான கல் பாலங்கள், பழையது 1654ஐச் சேர்ந்தது. கோடையில் குழந்தைகள் தண்ணீரிலேயே நடக்கிறார்கள், அவ்வளவு ஆழம் குறைவு. பேர்ட்லாண்ட் என்ற பறவைப் பூங்காவில் பெங்குயின் உண்டு, கார் மியூசியம் உண்டு. 1937இல் திறந்த மாதிரிக் கிராமத்தில் இதே ஊர் ஒன்பதில் ஒரு பங்கு அளவில் கல்லிலேயே நிற்கிறது, அந்தக் குட்டி ஊருக்குள்ளும் மாதிரிக் கிராமம் இருக்கிறது, அதற்குள் இன்னொன்று! குழந்தைகளை அங்கிருந்து நகர்த்த முடியாது. ஆனால் விடுமுறை நாளில் கரைப் புல்லே கண்ணுக்குத் தெரியாத கூட்டம். அப்போது பக்கத்துக் கிராமமான லோயர் ஸ்லாட்டருக்கு வயல் வழியே நடந்துவிடுங்கள், அரை மணி நேரம்தான், பழைய நீராலையும் அமைதியும் அங்கே கிடைக்கும்.

சரி, குழந்தைகளோடு ரயிலில் வருகிறவர்களுக்கு போர்ட்டன். கார் இருந்தால் பைபரி, அதுவும் சுற்றுலா பஸ்கள் வருவதற்கு முன்பே, காலையில். ஆர்லிங்டன் ரோவில் இன்றும் ஆட்கள் வசிக்கிறார்கள், படத்தைக் கல் பாலத்திலிருந்தே எடுங்கள், ஜன்னல் பக்கம் போக வேண்டாம்.