மழைக்காலங்களைக் கடந்த ஹரிகேன்கள்: மலையகத்தில் விமான மொடல் கட்டிய நீண்டகால அனுபவம்

பிளாஸ்டிக் பாகங்களாக வந்து நாமே ஒட்டிக் கட்டும் விமான மொடல் கிட்களுக்கான மதிப்புரைகள் பெரும்பாலும் பெட்டியைத் திறந்த நாளிலோ, கட்டி முடித்துப் படம் எடுத்த நாளிலோ எழுதப்படுகின்றன. ஹட்டன், கொட்டகலை, பண்டாரவளை ஆகிய ஊர்களில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக ஒன்றாகக் கட்டிவரும் எங்களுக்கு அவை பாதி அளவுக்கே உதவியிருக்கின்றன. ஜன்னலைத் திறந்தால் மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்காரும் இடத்தில், ஒரு மொடலின் தரம் தெரியவருவது அது அலுமாரித் தட்டில் சில தென்மேல் பருவமழைகளைக் கடந்த பிறகுதான். அப்படிக் கடந்து வந்தவற்றையும், கடக்க முடியாமல் போனவற்றையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

நாங்கள் கட்டுபவை பெரும்பாலும் 1942 ஏப்ரலில் இலங்கையின் வானில் பறந்த விமானங்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் தலைமையில் வந்த ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9 ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. இரத்மலானையில் இருந்த பிரித்தானிய விமானப்படையின் 30 ஆம் படையணியும், கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலையே ஓடுபாதையாக்கிக்கொண்ட 258 ஆம் படையணியும், சீனன்குடாவில் இருந்த 261 ஆம் படையணியும் ஹோக்கர் ஹரிகேன் போர்விமானங்களில் எழுந்து எதிர்த்தன. அந்தத் திடலை இன்று கடைத்தொகுதியாகவும் றக்பி மைதானமாகவும் மட்டுமே அறிந்த பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது, கையில் எடுத்துக் காட்ட ஒரு விமானம் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை எங்கள் கூட்டத்தில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் அடிக்கடி சொல்வார். அவரை நாங்கள் எல்லோரும் மாஸ்டர் என்றே அழைக்கிறோம்.

அளவைப் பொறுத்தவரை 1/72, அதாவது உண்மையான விமானத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு, தான் எங்களுக்குச் சரிவந்தது. ஹரிகேனின் இறக்கை அகலம் 12.19 மீற்றர், 1/72 இல் அது ஏறத்தாழ 17 சென்ரிமீற்றராகவும் 1/48 இல் 25 சென்ரிமீற்றராகவும் வரும். வித்தியாசம் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் தோட்டத்து லயத்தில் குடும்பத்தோடு இருப்பவருக்குச் சொந்தமாகக் கிடைப்பது அலுமாரியின் ஒரு தட்டுத்தான். ஜப்பானியக் கப்பற்படை வருவதை ஏப்ரல் 4 ஆம் திகதியே கண்டு செய்தி அனுப்பிய கட்டலினா ரோந்து விமானத்தைக் கட்ட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. 1/72 இலேயே 44 சென்ரிமீற்றர் அகலம் வரும் அதை யார் வீட்டில் வைப்பது என்ற கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

போலந்து நாட்டு ஆர்மா ஹொபி நிறுவனத்தின் 1/72 ஹரிகேன் மார்க் இரண்டு பி கிட்டைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். உண்மையான ஹரிகேனின் பின்னுடல், உலோகக் குழாய்ச் சட்டகத்தின்மேல் மரச்சட்டங்கள் வைத்துத் துணி போர்த்திச் செய்யப்பட்டது. அந்தத் துணியின் மெல்லிய ஏற்ற இறக்கத்தை மிகைப்படுத்தாமல் பிளாஸ்டிக்கில் கொண்டுவருவது எளிதல்ல. இந்தக் கிட்டில் விரல் நுனியால் தடவினால் மட்டுமே முழுதாக உணரக்கூடிய நிதானத்தோடு அது வந்திருக்கிறது. பன்னிரண்டு துப்பாக்கிகள் கொண்ட இறக்கையும் மார்க் இரண்டு பி வகைக்குரியது. எயார்ஃபிக்ஸின் மார்க் ஒன்று கிட், விவரத்தில் சற்றுக் குறைந்ததாயினும், புதிதாகத் தொடங்கும் தம்பிமாருக்கு ஏற்றது. பாகங்கள் குறைவு, விலையும் குறைவு. எதிர்ப்பக்கத்துக்கு, டமியா நிறுவனத்தின் ஜப்பானியப் போர்விமானமான ஸீரோ இருக்கிறது. அதில் பாகத்தோடு பாகம் பொருந்தும் விதம், இடைவெளிகளை நிரப்பும் புட்டி வாங்கும் செலவையே மிச்சப்படுத்தும் அளவுக்குத் துல்லியமானது. மலையகத்தில் அந்த மிச்சம் வெறும் பணக்கணக்கு அல்ல. குளிரில் புட்டி மெதுவாகவே காய்கிறது. காய்ந்துவிட்டதென்று தேய்த்து வர்ணம் பூசிய பிறகு, மாதங்கள் கழித்து அந்த இடம் உள்வாங்கி ஒரு கோடாகத் தெரியும்.

பசைக்கும் இதே நியாயம் பொருந்தும். டமியாவின் மிக மெல்லிய பசை, பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்து இரு விளிம்புகளையும் ஒன்றாக உருக்கிவிடுகிறது. ஈரப்பதம் அதன் பிடிப்பைக் கெடுத்ததில்லை. பல மழைக்காலங்களுக்குப் பிறகும் என்னிடமுள்ள எந்த மொடலிலும் அந்த இணைப்பு விட்டுப்போகவில்லை. ஆனால் உருகிய பிளாஸ்டிக்கில் இருந்து கரைப்பான் முழுவதும் வெளியேறும் வரை அந்த இடம் சுருங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே ஹட்டன் குளிரில், உடலின் இரு பாதிகளையும் ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு ஒட்டினால் அடுத்த போயாவுக்குத்தான் உப்புத்தாள் போடுவது என்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். சுப்பர் குளூ பற்றி ஓர் எச்சரிக்கை: அது காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது, இறுகும்போது வெளிவரும் ஆவி கண்ணாடிப் பாகங்களில் வெண்படலமாகப் படிகிறது. எங்கள் காற்றில் அது விரைவாகவும் மோசமாகவும் நடக்கிறது. விமானியறைக் கண்ணாடிக்கு வெள்ளைப் பசையைத் தவிர வேறெதையும் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.

எங்களை மிகவும் சோதித்தது வார்னிஷ்தான். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது; ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த பரப்பில் நுண்ணிய நீர்த்துளிகளாகப் படிந்து படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. ஒரு ஜூலை மாதப் பிற்பகலில், கரும்பச்சையும் மண்ணிறமும் மிக அழகாக அமைந்திருந்த ஒரு ஹரிகேனின் இடது இறக்கையில் லக்கர் வார்னிஷ் அடிக்கப்பட்டதை அருகில் நின்று பார்த்தேன். முதலில் ஈரமாகப் பளபளத்தது. பிறகு இறக்கை நுனியிலிருந்து, பால் ஊற்றியது போல ஒரு வெண்மை மெல்ல உள்நோக்கிப் பரவியது. கரும்பச்சை சாம்பல் பச்சையாகி, வட்டச் சின்னத்தின் சிவப்பு இளஞ்சிவப்பாகியது. "தம்பி, போதும், நிப்பாட்டுங்க, பனி இறங்கிருச்சு" என்றார் மாஸ்டர். மெதுவாக ஆவியாகும் கரைப்பானை மெல்லத் தெளித்துப் படலத்தைத் திரும்ப இளக்கினால் சிக்கிய ஈரம் வெளியேறி, நிறம் பெரும்பாலும் மீளும். அந்த இறக்கையும் மீண்டது. ஆனால் கூர்ந்து பார்ப்பவருக்கு இன்றும் ஓர் மங்கல் தெரியும்.

இதற்கு எங்களுக்குக் கிடைத்த தீர்வு ரயிலில் இருந்தது. தென்மேல் பருவமழை மலையின் மேற்குச் சரிவில்தான் கொட்டுகிறது; ஹட்டனும் மஸ்கெலியாவும் நனைந்துகொண்டிருக்கும் ஜூலையில், பண்டாரவளை இருக்கும் கிழக்குச் சரிவான ஊவாப் பக்கம் காய்ந்த காற்று வீசும். பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டி, ஒஹியவுக்கு முன் வரும் சுரங்கத்துக்குள் மழையோடு நுழைந்து வெயிலோடு வெளியேறுவது அந்தப் பாதையில் பயணம் செய்த எவருக்கும் தெரிந்த காட்சி. ஆகவே மேற்குப் பக்கத்தில் கட்டி, வர்ணம் பூசி, சின்னங்கள் ஒட்டிய மொடல்களை, அட்டைப் பெட்டியில் பஞ்சு வைத்து அடுக்கிப் பண்டாரவளையில் உள்ள நண்பரிடம் கொண்டுசேர்ப்போம். வார்னிஷ் அங்கேதான் நடக்கும். வடகீழ்ப் பருவமழை வந்து ஊவா நனையத் தொடங்கியதும் ஓட்டம் தலைகீழாகும்: தை, மாசியில் ஹட்டனில் நல்ல வெயில் அடிக்கும்போது அவருடைய ஸீரோக்கள் இந்தப் பக்கம் வரும். நண்பர்கள் இரு சரிவுகளிலும் இருப்பதால்தான் இந்த ஏற்பாடு நடக்கிறது. தனியாகக் கட்டுபவர் மழை விடும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

வர்ணத்தைத் தூவும் எயார்பிரஷுக்குக் காற்றுத் தரும் கொம்பிரசர், நாங்கள் சீட்டுப் பிடித்து வாங்கியது. அதோடு வரும் நீர்ப்பிடிப்பானைச் சமவெளியில் உள்ளவர்கள் எப்போதாவது திறந்து பார்ப்பார்கள். இங்கே ஜூன் மாதத்தில் ஒரு மொடலுக்கு வர்ணம் பூசி முடிப்பதற்குள் பலமுறை வடிக்க வேண்டியிருக்கும், வடிக்காவிட்டால் எயார்பிரஷ் முனையிலிருந்து ஒரு துளி நீர் வர்ணத்தோடு சேர்ந்து தெறிக்கும். கொம்பிரசர் வாங்குபவர்கள் வேறெதில் சிக்கனம் பிடித்தாலும் இந்தப் பாகத்தில் பிடிக்க வேண்டாம். 2022 இல் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட நாட்களில், மின்சாரம் வரும் நேரத்தில் ஒரு லொறி டியூபில் காற்று நிரப்பி வைத்து, இருட்டான பிறகு மெழுகுதிரியைத் தூரமாக வைத்துவிட்டு ரோச் வெளிச்சத்தில் வர்ணம் அடித்தோம். டியூப் காற்றில் துடிப்பு இல்லை, சத்தமும் இல்லை. மெல்லிய கோடுகளுக்கு அது கொம்பிரசரைவிட நன்றாகவே இருந்தது.

அதே ஆண்டில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 350 ரூபாய்க்கு மேல் போனது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் இருந்தன. கிட்கள் வளைகுடாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினரின் பெட்டிகளில் வந்தன. வர்ணமும் பசையும் தீப்பற்றக்கூடியவை என்பதால் விமானத் தபாலில் அனுப்ப முடியாது. எனவே வாகன வர்ணக் கடையில் கிடைக்கும் சாம்பல் பிரைமரை (அடிப்பூச்சை) பயன்படுத்தக் கற்றுக்கொண்டோம். தூரத்திலிருந்து தூறலாக அடித்தால் பிளாஸ்டிக்கைக் கடிக்காது, தடிப்பாக அடித்தால் நுண்கோடுகளைத் தின்றுவிடும். காலத்தைத் தாங்கியதில் அது விலையுயர்ந்த பிரைமர்களுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

சின்னங்கள் அச்சிட்டு, நீரில் நனைத்து ஒட்டும் டெக்கல் தாள்களில்தான் கிட்களுக்கிடையிலான உண்மையான வேறுபாடு தெரிகிறது. மங்கலான வர்ணத்தின்மேல் நேரடியாக ஒட்டினால் அடியில் காற்றுச் சிக்கி வெள்ளி போல மின்னும் என்பது எங்கும் பொதுவானது; முதலில் பளபளப்பான பூச்சு, பிறகு டெக்கல், பிறகு இளக்கும் திரவம் என்ற ஒழுங்கு அதற்குப் போதும். மலையகத்துக்கே உரிய தொல்லை, ஒட்டாமல் பெட்டிக்குள் கிடக்கும் தாள்தான். ஒரு பழைய கிட்டின் தாள், ஈரத்தில் பசை இளகி மேலே மூடியிருந்த மெல்லிய தாளோடு ஒட்டிக்கொண்டு முழுதாக வீணாகியது. அன்றிலிருந்து கிட் கைக்கு வந்தவுடன் டெக்கலைத் தனியே எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் பையில் வைக்கிறோம். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் தோசைக்கல்லில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்ப நீலமாக்கலாம். அந்தக் கல்லை அதன் பிறகு சமையலுக்கு எடுக்கக் கூடாது.

சின்னங்களைப் பற்றி எங்களுக்குள் நீண்ட விவாதம் ஒன்று நடந்தது. 1944 இல் நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைக்கு வந்ததால், கண்டிப் பக்கத்திலிருந்து வரும் நண்பர் ஒருவர் தன் ஹரிகேனுக்கு, அந்தக் கட்டளையின் விமானங்களுக்குரிய நீலமும் வெள்ளையும் மட்டுமான வட்டத்தையே இட விரும்பினார். ஜப்பானியச் சின்னத்தோடு குழம்பாமல் இருக்க இப்பகுதியில் சிவப்பு நீக்கப்பட்டது 1943 இல்தான்; 1942 ஏப்ரலின் ஹரிகேனுக்கு நடுவில் சிவப்பு இருக்கத்தான் வேண்டும். விமானத்தின் வயதைத் தவறாகச் சொல்லும் மொடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு நிறைவு தருவதில்லை. இறுதியில் அவர் தன் விமானத்தைப் பிந்திய கால மார்க் இரண்டு சி ஆக மாற்றி, நான்கு பீரங்கிகள் பொருத்தி, தன் வட்டத்தையும் காப்பாற்றிக்கொண்டார்.

கட்டக்கூடாதவை என்று நாங்கள் விலக்கியவையும் உண்டு. 1977 இலும் 1983 இலும் நடந்த வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. எங்கள் கூட்டத்திலும் அப்படி உறவினர் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அண்மைய யுத்தத்தில் குண்டு வீசிய ஜெட் விமானங்களின் கிட்கள் கடைகளில் கிடைக்கத்தான் செய்கின்றன. விமானச் சத்தம் கேட்டால் இன்றும் பதறும் ஒரு சித்தி வீட்டுக்கு வரும்போது அதைத் தட்டில் வைத்திருக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. இதை வாக்கெடுத்து முடிவு செய்யவில்லை. ஒருவர் சொன்னார், மற்றவர்கள் சரி என்றோம்.

முடித்த மொடல்களை வைக்கும் அலுமாரியில் பழைய இழைபல்பு ஒன்றைக் கீழ்த்தட்டில் எரியவிடுவது, பூஞ்சணத்துக்கு எதிராக நாங்கள் கண்ட மிகச் சிறந்த காப்பு. எல்இடி பல்புகளில் அந்தச் சூடு இல்லை என்பதால், கடைகளில் இழைபல்பு கிடைக்கும்போதே இரண்டொன்றை வாங்கி வைப்பது நல்லது. மொடல்கள் பல்புக்கு மிக அருகில் இருக்கக் கூடாது, இறக்கை வளைந்துவிடும்.

புதிதாகத் தொடங்குபவர் எயார்ஃபிக்ஸ் ஹரிகேன் ஒன்று, டமியா மெல்லிய பசை, ஒரு கூரான கத்தி, மூன்று தரங்களில் உப்புத்தாள், தூரிகை ஆகியவற்றோடு தொடங்கட்டும். எயார்பிரஷ் எங்களைப் போன்ற ஒரு கூட்டம் கிடைத்த பிறகு வரட்டும். எங்கள் மேசையில் இப்போது இருப்பது, அதே உயிர்த்த ஞாயிறன்று இரத்மலானையிலிருந்து கிளம்பிய பிரித்தானியக் கடற்படைப் படையணிகளின் ஃபெயாரி ஃபுல்மார் போர்விமானம். சிறு எண்ணிக்கையில் வார்க்கப்படும் கிட் என்பதால் பொருத்தும் ஊசிகள் இல்லை, விளிம்புகள் தடித்தவை, ஒவ்வொரு பாகத்தையும் அராவித்தான் சேர்க்க வேண்டும். உடலை மாஸ்டரும் இறக்கைகளை நானும் எடுத்திருக்கிறோம். வார்னிஷ் எந்தச் சரிவில் என்பதை, வேலை முடியும் மாதத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.