ஹட்டன் பின்னல் வட்டம்: ஒன்றரை ஆண்டு உறுப்பினராக இருந்து எழுதும் மதிப்பீடு

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் ஒரு வாசிகசாலையின் மேல்மாடியில், மாதத்தின் இரண்டாம், நான்காம் ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் 1.30 மணிக்குக் கூடும் பின்னல் வட்டத்தில் நான் ஒன்றரை ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் எனக்கு, வாரத்தில் மிஞ்சும் ஒரே பகற்பொழுது ஞாயிறுதான். பெயர்ப்பலகையோ சம்பளம் பெறும் அலுவலரோ இல்லாத இந்த வட்டத்தைத் தலைவி, செயலாளர், பொருளாளர் என்ற மூன்று தன்னார்வப் பெண்கள் நடத்துகிறார்கள். கட்டணம் வாங்கும் வகுப்பை அளக்கும் கோலால் இதை அளப்பது நியாயமல்ல என்றாலும், பஸ் ஏறி வந்து தம் நேரத்தைக் கொடுக்க நினைப்பவர்கள் இங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்துகொண்டு வருவது நல்லது.

முதலில் என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். சேர்ந்த புதிதில் தங்கை மகனுக்கு ஒரு ஸ்வெட்டர் தொடங்கினேன். இணையத்தில் எடுத்த அமெரிக்க மாதிரித் தாளில் 8ஆம் இலக்க ஊசி என்று இருந்தது. வீட்டில் அம்மா பாதுகாத்து வைத்திருந்த பழைய ஊசியின் தலையிலும் 8 என்று பொறித்திருந்தது. தாளில் உள்ளபடி ஊசியில் 66 கண்ணி, அதாவது நூல் வளையம், ஏற்றி ஒரு சாண் நீளம் பின்னிய பிறகு பார்த்தால், 36 சென்ரிமீற்றருக்கு மேல் வர வேண்டிய முன்பக்கம் 30 சென்ரிமீற்றரில் நின்றது. என் கை இறுக்கம்தான் காரணம் என்று எண்ணி வெட்கத்தோடு தலைவியிடம் கொண்டுபோனேன். அவர் துணியை மேசையில் விரித்து, அடிமட்டத்தை வைத்து, 10 சென்ரிமீற்றருக்குள் எத்தனை கண்ணிகள் விழுகின்றன என்று விரல் நுனியால் எண்ணினார். மாதிரித் தாள் 18 கேட்டிருந்தது. என்னுடையதில் 22 இருந்தன. “டீச்சர், ஊசியில என்ன நம்பர் இருக்கு?” என்று கேட்டார்.

பழைய பிரித்தானிய இலக்கத்தில் 8 என்பது 4 மில்லிமீற்றர், அமெரிக்க இலக்கத்தில் 8 என்பது 5 மில்லிமீற்றர் என்பதை அன்றுதான் அறிந்தேன். பிரித்தானிய முறையில் இலக்கம் கூடக்கூட ஊசி மெலியும், அமெரிக்க முறையில் தடிக்கும். மலையகத்தில் அம்மாமார், அம்மாச்சிமார் விட்டுச்சென்ற ஊசிகளை வைத்துக்கொண்டு இன்றைய மாதிரிகளைப் பார்த்துப் பின்னும் எவருக்கும் இந்தக் குழப்பம் வரும். அடுத்த கூட்டத்துக்குத் தலைவி தடித்த அட்டையில் மில்லிமீற்றர் கணக்கில் துளைகள் இட்ட ஓர் அளவுத் தட்டைச் செய்து கொண்டுவந்து என் கையில் கொடுத்து, புதிதாக வந்திருந்த ஐந்து பேருக்கு நானே விளக்க வேண்டும் என்றார். தெரிந்துகொண்டதை அடுத்த கூட்டத்திலேயே இன்னொருவருக்குச் சொல்ல வைப்பது இங்குள்ள வழக்கம். இந்த வட்டத்தில் நான் மிகவும் மதிப்பதும் அதைத்தான்.

பச்சிளங் குழந்தைகளுக்கான தொப்பிகளை மருத்துவமனைக்கு வழங்கும் வேலையிலும் அதே கவனம் தெரிகிறது. பிறந்த குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடும்போது பெரிது. அதன் வழியாக வெப்பம் விரைவில் இறங்கும். 2,500 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறக்கும் குழந்தைக்கு, மலையகக் குளிரில் இது சிறிய விடயமல்ல. தலைவியும் செயலாளரும் ஒரு கண்ணி ஏற்றுவதற்கு முன்பே தாதியரிடம் போய் என்ன தேவை என்று கேட்டு வந்தார்கள். பொத்தான் கூடாது, நாடா கூடாது, மூக்கில் ஒட்டும்படி பஞ்சுபோல் இழை உதிரும் நூல் கூடாது, கொதிநீரில் துவைத்தாலும் சுருங்கக் கூடாது என்பவை அப்படிக் கிடைத்த விதிகள். நிறைமாதக் குழந்தையின் தலைச்சுற்று ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர் என்பதால், 70 கண்ணியில் 32 சென்ரிமீற்றர் வரும்படி பின்னுகிறோம், நெகிழ்ந்து பிடித்துக்கொள்ளும். செயலாளர் ஒவ்வொரு தொப்பியையும் உட்புறம் திருப்பி, நூல் நுனிகள் புதைந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பெட்டியில் போடுவார். திருப்பிக் கொடுக்கப்பட்டவர்கள் சிலர் முகம் சுளித்ததுண்டு. என் தொப்பியும் இரண்டு முறை திரும்பி வந்தது. இரண்டு முறையும் அவர் சொன்னதே சரி.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டியபோது, இறக்குமதி நூலை வாங்க முடியாமல் வட்டம் கலைந்துபோகும் நிலை வந்ததாக முன்னைய உறுப்பினர்கள் சொல்கிறார்கள். அப்போது பொருளாளர் பழைய ஸ்வெட்டர்களைச் சேர்த்துப் பிரிக்கும் வழக்கத்தைத் தொடங்கினார். பிரித்த நூல் சுருள்சுருளாக நிற்கும். அதை நீண்ட வளையக் கற்றையான சிட்டமாகக் கட்டி, நனைத்து, அடியில் சிறு பாரம் தொங்கவிட்டு உலர்த்தினால் நேராகிவிடும். ஹட்டன் மூடுபனியில் அது காய நான்கைந்து நாள் எடுக்கும். மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் ஹட்டன் வழியாகத்தான் பெருமளவில் செல்கிறார்கள். 2,243 மீற்றர் உச்சியின் குளிருக்கு அஞ்சி அவர்கள் வாங்கும் தொப்பி, மஃப்ளர் வருமானம் நூல் பெட்டிக்கு வருகிறது. கணக்குக் கொப்பி எப்போதும் மேசையில் திறந்தே கிடக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நூல் அலுமாரியின் திறப்பு தலைவியிடம் மட்டுமே இருக்கிறது. அவர் சுகவீனமுற்றிருந்த மாதத்தில் இரண்டு கூட்டங்கள் நூலில்லாமல் முடிந்தன. தூரத்திலிருந்து பஸ் காசு செலவழித்து வந்தவர்கள் பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். தலைமை ஆண்டுதோறும் மாற வேண்டும் என்பது விதி. ஆனால் அவரே மூன்றாம் ஆண்டும் தொடர்கிறார். அவர் பதவியைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. யார் வருகிறீர்கள் என்று அவர் கேட்டபோது நான் உட்பட எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அவர் களைத்துப்போயிருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தே இது நடக்கிறது.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. ஆறு நாளும் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு ஞாயிறு என்றால் துவையல், விறகு, சந்தை. ஹட்டனுக்கு வர அவர்களால் முடியாது. மாதம் ஒரு மாலை தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிலேயே (தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) கூடலாம் என்று சென்ற கூட்டத்தில் கேட்டேன். மூவரும் மறுக்கவில்லை, அலுமாரியின் இரண்டாவது திறப்பை வெட்டி என்னிடம் தருவதாகவும், முதல் மூன்று மாதம் நானே நடத்த வேண்டும் என்றும் சொன்னார்கள். இம்முறை தலையைக் குனியாமல் ஒப்புக்கொண்டேன்.

புதிதாக வருபவர்கள் முதல் நாள் நூல் கொண்டுவரத் தேவையில்லை. வீட்டில் பழைய ஊசி இருந்தால், இலக்கம் அழிந்திருந்தாலும் எடுத்து வாருங்கள். அளவுத் தட்டு வாசலுக்கு அருகிலுள்ள மேசையில் இருக்கும். யாத்திரைக் காலத்தில் மஸ்கெலியாப் பக்கத்துப் பஸ்களில் இடம் கிடைப்பது கடினம் என்பதால், அந்தப் பக்கத்தவர்கள் காலையிலேயே புறப்படுங்கள்.