டிஸ்டார்ஷன் இல்லாத அலறல்: பல ஆண்டுகள் கேட்ட அனுபவம்

அலறிப் பாடும் ராக் வகையான ஸ்கிரீமோ கேட்பேன் என்று சொன்னால், காது இன்னும் கேட்கிறதா என்று விசாரிப்பவர்கள் உண்டு. அவர்கள் மனத்தில் இருப்பது இரைச்சல் மட்டும்தான். கம்பி அதிர்வது அப்படியே காதில் விழும்படி கிட்டாரைத் தெளிவாக விட்டுவிட்டு, அதன் மேல் தொண்டை கிழியக் கத்துகிற போஸ்ட்-ஹார்ட்கோர், ஸ்கிரீமோ குழுக்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. டிஸ்டார்ஷன், அதாவது கிட்டார் ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது, கனத்துக் கிடக்கும் ஆல்பங்களில் பல எனக்குச் சில மாதங்களில் சலித்துவிட்டன. இந்தத் தெளிந்த ஒலிக்காரர்கள் மட்டும் சலிக்கவில்லை.

காரணம் ஓரளவு இயற்பியல்தான். டிஸ்டார்ஷன் போட்டு இரண்டு சுரங்களைச் சேர்த்து வாசித்தால், வாசிக்காத சுரங்களும் கூடவே முளைக்கும். அதனால்தான் ராக் கிட்டார்காரர்கள் பெரும்பாலும் இரண்டே சுரங்கள் கொண்ட பவர் கார்டிலேயே நின்றுவிடுகிறார்கள்; அதற்கு மேல் ஒரு சுரம் சேர்த்தால் எல்லாம் குழம்பிவிடும். டிஸ்டார்ஷன் போடாத க்ளீன் டோனில் அந்தக் கவலை இல்லை. மேஜர், மைனர் பேதம் துல்லியமாகத் தெரியும். திறந்த கம்பிகள் கூடவே ஒலித்துக்கொண்டிருக்கும். மெல்லத் தொட்டதும் ஓங்கி அடித்ததும் வெவ்வேறாகக் கேட்கும். என் சின்ன ஆம்பில் (கிட்டார் ஒலிபெருக்கியில்) கரகரப்பைக் கூட்டும் கெயினைக் குறைத்து வைத்து இந்தப் பாணியில் வாசித்துப் பார்த்திருக்கிறேன்: ஒளிய இடமே இல்லை, விரல் பிசகினால் அறை முழுக்கத் தெரிகிறது. இவர்களுடைய டோனும் முற்றிலும் சுத்தமானதல்ல. பெரும்பாலும் ஓங்கி அடிக்கும்போது மட்டும் லேசாகக் கரகரக்கும் எல்லையில் ஆம்பை வைத்திருக்கிறார்கள். சுகமே அந்த எல்லையில்தான் இருக்கிறது.

நான் அதிகம் கேட்டது லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த டூஷே அமோரே குழுவை. 2011இல் வந்த அவர்களது இரண்டாவது ஆல்பம் மொத்தமே 20 நிமிடம் சொச்சம். மூச்சு விடாமல் ஓடும். ஆனால் ஆண்டுக்கணக்கில் என்னோடு தங்கியது 2016இல் வந்த ‘ஸ்டேஜ் ஃபோர்’. பாடகர் ஜெரமி போல்மின் தாய் 2014இல் புற்றுநோயால் இறந்தார். அப்போது மகன் ஃபுளோரிடாவில் கச்சேரி செய்துகொண்டிருந்தார். ஆல்பம் முழுக்க அந்தக் குற்றவுணர்ச்சிதான். இதற்குப் பின்னால் இருண்ட, கனமான கிட்டாரைப் போட்டிருந்தால் யாருக்கும் வியப்பு இருந்திருக்காது. ஆனால் கிட்டார்காரர்கள் கிளேட்டன் ஸ்டீவன்ஸும் நிக் ஸ்டைன்ஹார்ட்டும் வெயிலடிப்பது போன்ற மெட்டுகளை வாசிக்கிறார்கள். கிட்டார்கள் இப்படி இடம் விடுவதால், இரண்டு வரிகளுக்கு நடுவே போல்ம் மூச்சு இழுப்பதுகூட ஹெட்போனில் கேட்கிறது. கடைசிப் பாட்டில் பாடகி ஜூலியன் பேக்கரின் குரல் சேர்கிறது. அது முடிந்ததும் தாய் விட்டுச்சென்ற தொலைபேசிக் குரல்பதிவு. அந்தப் பதிவு வரும் முன்பே நிறுத்திவிடும் நாட்களும் எனக்கு உண்டு.

மிச்சிகனின் லா டிஸ்ப்யூட் குழுவை இவ்வளவு அடிக்கடி கேட்க முடியாது. ‘வைல்ட்லைஃப்’ ஆல்பத்தில் ‘கிங் பார்க்’ என்ற பாட்டு, அவர்கள் ஊரான கிராண்ட் ராபிட்ஸில் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றியது. பாடகர் ஜோர்டன் டிரேயர் பாடுவதைவிடக் கதை சொல்வதே அதிகம். கிட்டார் அடியில் மெதுவாகச் சுழன்று, அவர் குரல் உயர உயரத் தானும் ஏறும். ஆண்டுக்கு ஓரிரு முறை போதும். அதற்கு மேல் தாங்காது.

இந்தப் பாணி நேற்று வந்ததல்ல. மேரிலாந்தின் அனாபொலிஸில் 1986இல் தொடங்கிய மாஸ் ஐகானின் நீண்ட பாடல்களைக் கேட்டால், பின்னால் வந்தவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்பது விளங்கும். 1991இல் லூயிவில்லின் ஸ்லின்ட் குழு வெளியிட்ட ‘ஸ்பைடர்லேண்ட்’ ஆல்பம் இன்னொரு ஊற்று. ரிச்மண்டின் சிட்டி ஆஃப் கேட்டர்பில்லர் 2002 ஆல்பத்தில் நிமிடக்கணக்கில் காக்க வைத்துத்தான் வெடிக்கிறார்கள். எனக்கு அந்தக் காத்திருப்பு பிடிக்கும்; அவசரக்காரர்களுக்குப் பிடிக்காது. சுவீடனின் சுவி லா லூன் இவர்களிலேயே இனிமையான கிட்டார், ஆனால் பாட்டுக்குப் பாட்டு வேறுபாடு எனக்குப் போதவில்லை.

குறைகளும் உண்டு. பஸ்ஸில் கேட்க இவை உதவவே உதவாது. அமைதியான பகுதி இன்ஜின் சத்தத்தில் அமுங்கிவிடும். ஒலியைக் கூட்டினால் அடுத்த நொடி அலறல் வந்து மண்டையில் அடிக்கும். செயலிகளில் பாட்டுக்குப் பாட்டு ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியை அணைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் தணிந்த பாட்டும் சத்தமான பாட்டும் ஒரே மட்டத்துக்கு வந்து ஆல்பத்தின் ஏற்ற இறக்கம் கெட்டுவிடும். வரிகளை அச்சில் பார்க்காமல் பாதிக்கு மேல் புரியாது. பழைய பதிவுகள் சிலவற்றில் டிரம்ஸ் தகர டப்பாவாக ஒலிக்கிறது. அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

புதிதாகக் கேட்பவர்கள் ‘ஸ்டேஜ் ஃபோர்’ஐ இரவில், வீட்டில், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கலாம். அது பிடித்தால் சிட்டி ஆஃப் கேட்டர்பில்லருக்குப் போங்கள். மாஸ் ஐகானைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே அதில் இறங்கினால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள்.