கோட்டாட்சியர் (ஆர்டிஓ) அலுவலகமா, குடும்ப கோர்ட்டா, சிவில் கோர்ட்டா? வயதான பெற்றோர் எங்கே போவது?

என் பெரியம்மாவுக்கு 71 வயது. மகனுக்கு எழுதிக்கொடுத்த செட்டில்மெண்ட் பத்திரத்தின் ஜெராக்ஸை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் அலுவலக வரிசையில் நின்றார். நானும் கூடப் போயிருந்தேன். முன்னால் நின்றவர் "சிவில் கேஸ் போடுங்கம்மா" என்றார். பின்னால் நின்றவர் "குடும்ப கோர்ட்டுல ஜீவனாம்சம் கேளுங்க" என்றார். உள்ளே மனுவை வாங்கியவர் "கோட்டாட்சியருக்கு அனுப்புறோம்" என்றார். மூவரும் சொன்னதில் தப்பில்லை, ஆனால் மூன்றும் ஒரே வேலைக்கானவை அல்ல. தமிழ்நாட்டில் இந்த மூன்றில் எதை எதற்கு எடுப்பது என்று தெரியாமல் அலைபவர்களை அன்று நிறையப் பார்த்தேன்.

முதலில் மாதச் செலவுக்கான பணம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் கேட்கலாம். மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி எல்லோரும் இதற்குள் வருகிறார்கள். பிள்ளை இல்லாத 60 வயது கடந்தவர், தன் சொத்தை வைத்திருக்கும் அல்லது பின்னால் அடையப்போகும் உறவினரிடம் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். காரணம் எழுதி இன்னும் 30 நாள் நீட்டலாம். ஆனால் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது. சட்டத்தின் 17-வது பிரிவு வக்கீலை அனுமதிப்பதில்லை. அதற்குப் பதிலாக மாவட்ட சமூக நல அலுவலர் நம் சார்பில் பேசலாம். கலெக்டரிடம் மேல்முறையீடு செய்ய 60 நாள். சட்ட வாசகம் அந்த உரிமையைப் பெரியவர்களுக்கு மட்டுமே தருகிறது. பிள்ளைக்குத் தீர்ப்பு பிடிக்காவிட்டால் உயர் நீதிமன்றம்தான். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

குடும்ப நல நீதிமன்றத்தில் அந்த உச்சவரம்பு கிடையாது. ஜீவனாம்சம் கேட்க உதவிய, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவாகியிருக்கிறது. கூடவே ஒரு நல்ல மாற்றமும் வந்தது. முன்பு மகன் இருக்கும் ஊருக்குப் போய் மனு போட வேண்டும். இப்போது பெற்றோர் இருக்கும் ஊரிலேயே போடலாம். மகன் நன்றாகச் சம்பாதிக்கிறார், மருத்துவச் செலவே மாதம் பதினைந்தாயிரம் ஆகிறது என்றால் இதுதான் சரி. ஆனால் வாய்தாக்கள் உண்டு, அலைச்சல் உண்டு. இடைக்கால ஜீவனாம்சத்தை முதல் மனுவிலேயே கேட்டுவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியது, பராமரிப்புப் பணத்தை இந்த இரண்டு இடத்திலும் சேர்த்துக் கேட்க முடியாது. 2007 சட்டத்தின் 12-வது பிரிவு ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது.

பணம் அல்ல, வீடுதான் பிரச்சினை என்றால் கணக்கே வேறு. பெரியம்மாவின் பத்திரத்தை வராந்தாவில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். "உன் மீதுள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று தொடங்கி, "எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை" என்று முடிந்திருந்தது. கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. பத்திரம் எழுதியவர் கேட்கவில்லை, பெரியம்மாவுக்குச் சொல்லத் தோன்றவில்லை. பெற்ற மகனிடம் யார் நிபந்தனை போடுவார்கள்?

அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் வழக்கு முழுவதும். 2007 சட்டத்தின் 23-வது பிரிவுப்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் தீர்ப்பாயமே செல்லாது என்று அறிவிக்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது பெரியவர்களுக்காக வந்த சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும், வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றது. அதே ஆண்டு மார்ச்சில், நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில், அன்பு பாசத்துக்காக எழுதிக்கொடுத்ததிலேயே பராமரிக்கும் நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரியம்மாவின் பத்திரம் போன்றவற்றுக்கு இதைவிட நல்ல பிடி இல்லை.

ஒரே வீட்டில் மருமகளும் இருந்தால் அவருடைய குடியிருப்பு உரிமையையும் பார்க்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் காலி செய்யும் உத்தரவு எல்லா வீட்டிலும் சுலபமாக வந்துவிடாது.

அப்புறம் சிவில் கோர்ட். கோர்ட் கட்டணம், சாட்சி, குறுக்கு விசாரணை, அப்பீல்... 75 வயதில் தொடங்கினால் முடிவைப் பார்ப்போமா என்ற பயம் நியாயமானதுதான். ஆனாலும் சில வழக்குகளுக்கு வேறு வழியே இல்லை. 2007 சட்டம் வருவதற்கு முன்பே எழுதிய பத்திரம், ஏமாற்றி வாங்கிய கைரேகை, போலிக் கையெழுத்து எல்லாம் இங்கேதான் வர வேண்டும். விஷயம் தெரிந்ததிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் தானே போய் ரத்துப் பத்திரம் பதிவு செய்தால் போதும் என்று சிலர் நம்புகிறார்கள். மகன் பெயருக்குப் போன வீடு அதனால் மட்டும் திரும்பி வந்துவிடாது. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று பெண்கள் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அவர்களுக்கு இலவச வக்கீல் உண்டு.

பெரியம்மாவுக்கு நான் சொன்னது கோட்டாட்சியர்தான். 23-வது பிரிவையும் மாதப் பணத்தையும் ஒரே மனுவில் எழுதினோம். அன்றைக்கே வில்லங்கச் சான்றும் எடுத்தோம். வீடு இன்னும் மகன் பெயரிலேயே இருந்தது, யாருக்கும் விற்கவில்லை. பெரியம்மா அந்தத் தாளை நாலாக மடித்து அதே மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார்.

என் அம்மாவும் தன் வீட்டை எழுதிவைக்க யோசித்துக்கொண்டிருந்தார். அன்று இரவே அவரிடம் சொல்லிவிட்டேன்: "என் ஆயுள்வரை நான் இந்த வீட்டில் குடியிருந்து அனுபவிப்பேன், என்னைப் பராமரிக்கத் தவறினால் இது ரத்தாகும்" என்ற வரி இல்லாமல் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீங்கம்மா, அது எனக்கே எழுதுவதாக இருந்தாலும்.